பெர்மாங்கனேட்டின் ஊதா நிறம் எங்கே போகிறது?

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறையில் ஆக்சாலிக் அமிலத்தைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் தரம் பார்க்கும் (செலவாகும் கரைசலின் அளவைக் கொண்டு செறிவைக் கணக்கிடும்) மாணவர்கள், சில விதிகளைக் காரணம் கேட்காமலே பின்பற்றுகிறார்கள். நீர்த்த கந்தக அமிலத்தை மட்டுமே சேர்க்க வேண்டும். கரைசலை 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். வினை முடிந்ததை நிறமாற்றத்தால் காட்டும் நிறங்காட்டி எதுவும் தேவையில்லை. இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு விடை ஆக்சிஜனேற்ற எண்ணில், அதாவது ஓர் அணு எத்தனை எலக்ட்ரான்களை இழந்ததாக அல்லது ஏற்றதாகக் கணக்கிடப்படுகிறது என்பதைக் காட்டும் எண்ணில், இருக்கிறது. சமன்பாட்டைச் சமப்படுத்தும் உத்தியாக மட்டுமே அந்த எண் வகுப்பறையில் அறிமுகமாவது வருத்தத்துக்குரியது.

சோடியம் ஹைட்ராக்சைடை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம் பார்க்கும்போது எந்த அணுவின் ஆக்சிஜனேற்ற எண்ணும் மாறுவதில்லை. ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சேர்ந்து நீராகின்றன, அவ்வளவே. இரு கரைசல்களும் நிறமற்றவை என்பதால், வினை முடிந்ததைக் கண்ணுக்குக் காட்ட பினாப்தலீன் என்ற நிறங்காட்டி தேவைப்படுகிறது. பெர்மாங்கனேட் வினையோ எலக்ட்ரான்கள் கைமாறும் வினை.

பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் பொட்டாசியத்துக்கு +1, நான்கு ஆக்சிஜன்களுக்கும் சேர்த்து -8. மூலக்கூறின் கூட்டுத்தொகை சுழியாக வேண்டுமானால் மாங்கனீசுக்கு +7 வர வேண்டும். அமிலக் கரைசலில் அது +2 ஆகக் குறைகிறது. அதாவது ஒவ்வொரு மாங்கனீசு அணுவும் ஐந்து எலக்ட்ரான்களை ஏற்கிறது. ஆக்சாலிக் அமிலத்தில் +3 ஆக இருக்கும் கார்பன், கார்பன் டை ஆக்சைடில் +4 ஆகிறது. ஒரு மூலக்கூறில் இரண்டு கார்பன்கள் இருப்பதால் அது இரண்டு எலக்ட்ரான்களை இழக்கிறது. இழந்ததும் ஏற்றதும் சமமாக இருக்க, இரண்டு பெர்மாங்கனேட்டுக்கு ஐந்து ஆக்சாலிக் அமிலம் தேவை. மூலக்கூறு எடை 158 உள்ள பெர்மாங்கனேட்டின் சமான எடை (ஓர் எலக்ட்ரானுக்கு உரிய எடை) 31.6 என்றும், இரு நீர் மூலக்கூறுகளுடன் 126 எடையுள்ள படிக ஆக்சாலிக் அமிலத்தின் சமான எடை 63 என்றும் நாம் எழுதுவது இதனால்தான். 20 மில்லிலிட்டர் 0.1 நார்மல் (லிட்டருக்குச் சமான எடையில் பத்தில் ஒரு பங்கு கிராம்) ஆக்சாலிக் அமிலத்துக்கு 19.6 மில்லிலிட்டர் பெர்மாங்கனேட் செலவானால், அதன் நார்மாலிட்டி ஏறத்தாழ 0.102, ஒரு லிட்டரில் சுமார் 3.22 கிராம் பெர்மாங்கனேட் கரைந்திருக்கிறது.

மாங்கனீசுக்கு உண்மையிலேயே ஏழு அலகு நேர்மின்சுமை இருக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. பிணைப்பு எலக்ட்ரான்களை முழுவதுமாக ஆக்சிஜனின் கணக்கில் எழுதினால் கிடைக்கும் எண் அது. ஆனால் நிறத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. பெர்மாங்கனேட் அயனியில் ஆக்சிஜனின் எலக்ட்ரான் ஒன்று, ஒளியை உட்கவர்ந்து மாங்கனீசின் காலியான ஆர்பிட்டாலுக்கு (எலக்ட்ரான் இருப்பிடத்துக்கு) தாவுகிறது. அந்த உட்கவர்தல் மிக வலிமையானது என்பதால்தான் ஊதா நிறம் அத்தனை அடர்த்தியாகத் தெரிகிறது. +2 நிலை மாங்கனீசு ஒளியை மிகக் குறைவாகவே உட்கவர்வதால், நீர்த்த கரைசலில் நிறமற்றதாகத் தோன்றுகிறது. ஆக்சாலிக் அமிலம் தீர்ந்தபின் விழும் துளி மாற்றமின்றி மிஞ்சி இளஞ்சிவப்பைத் தருவதால், பெர்மாங்கனேட்டே தனக்கு நிறங்காட்டியாகிறது. 1846இல் பிரெஞ்சு வேதியியலாளர் மார்கெரித் இரும்பின் அளவைக் கண்டறிய இக்கரைசலைப் பயன்படுத்தியபோதும் இந்தப் பண்பே கைகொடுத்தது.

இனி, ஏன் கந்தக அமிலம்? பெர்மாங்கனேட்டின் நான்கு ஆக்சிஜன்களும் நீராக வெளியேற எட்டு ஹைட்ரஜன் அயனிகள் வேண்டும். அமிலம் போதாவிட்டால் மாங்கனீசு +4 நிலையிலேயே நின்று, பழுப்பு நிற மாங்கனீசு டை ஆக்சைடாக வீழ்படிகிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தால், -1 நிலையிலுள்ள குளோரைடு தானே ஆக்சிஜனேற்றமடைந்து குளோரினாக மாறி, பெர்மாங்கனேட்டில் ஒரு பகுதியைச் செலவழித்துவிடும். பியூரெட் அளவீடு (செலவான பெர்மாங்கனேட்டின் அளவு) கூடிவிடும். நைட்ரிக் அமிலம் நேர்மாறானது. +5 நிலையிலுள்ள அதன் நைட்ரஜன் எலக்ட்ரான்களை ஏற்கக்கூடியது என்பதால், ஆக்சாலிக் அமிலத்தின் ஒரு பங்கை அதுவே ஆக்சிஜனேற்றினால் அளவீடு குறைந்துவிடும். கந்தக அமிலத்தில் கந்தகம் ஏற்கெனவே தன் உச்சமான +6இல் இருக்கிறது. மேலும் ஏற முடியாது. நீர்த்த நிலையில் கீழிறங்கவும் அதற்கு நாட்டமில்லை.

சூடாக்குவதன் காரணம் எண்ணில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. குளிர்ந்த கரைசலில் இவ்வினை மிக மெதுவானது. அளவுக்கு மீறிச் சூடாக்கினாலோ ஆக்சாலிக் அமிலமே சிதையத் தொடங்கும். சூடான கரைசலிலும் முதல் துளியின் நிறம் மறையச் சிறிது நேரமாகும், பின்வரும் துளிகள் உடனுக்குடன் மறையும். வினையில் உண்டாகும் +2 மாங்கனீசே வினைக்கு ஊக்கியாகிறது என்பதே காரணம். தொடக்கத்திலேயே சிறிதளவு மாங்கனீசு சல்பேட்டைச் சேர்த்தால் முதல் துளியும் விரைவில் நிறமிழப்பதைப் பார்க்கலாம். ஆசிரியர்கள் இதை வகுப்பில் செய்து காட்ட வேண்டும் என்பது என் விருப்பம்.

இறுதியில் தோன்றும் இளஞ்சிவப்பு அரை நிமிடம் நிலைத்தால் போதும் என்பார்கள். நெடுநேரம் வைத்திருந்தால் அதுவும் மங்கிவிடும். மிஞ்சிய +7 மாங்கனீசும் குடுவையில் நிறைந்திருக்கும் +2 மாங்கனீசும் மெல்ல வினைபுரிந்து, இரண்டும் +4 நிலைக்கு வருவதே அதற்குக் காரணம். எனவே அந்த நிறம் பிறகு மங்கினாலும் மேலும் ஒரு துளி விடக் கூடாது. முதலில் எடுத்த அளவீடே சரியானது.