‘புனர்வாழ்வு’ என்பது எந்த வாழ்வு?

புனர்வாழ்வு: பெயர்ச்சொல். போர், வெள்ளம், ஆழிப்பேரலை போன்ற அழிவுக்குப் பின் ஒருவர் திரும்ப அமைத்துக்கொள்ளும் வாழ்வு; அதற்குக் கை கொடுக்கும் பணி.

அகராதி இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இலங்கைச் செய்தித்தாள்களைத் தொடர்ந்து படிக்கிறவரால் அப்படி நிறுத்த முடியாது. வீடிழந்தவருக்குக் கூரை போட்டுக் கொடுப்பதும் அங்கே புனர்வாழ்வு, முன்னாள் போராளியை முகாமில் அடைத்து வைத்ததும் புனர்வாழ்வு, போதைப்பொருளுக்கு அடிமையானவரை நீதிமன்றம் அனுப்பிவைக்கிற இடமும் புனர்வாழ்வு நிலையம். உதவி கேட்டு வரிசையில் நின்றவரையும் விருப்பத்துக்கு மாறாக வேலிக்குள் இருந்தவரையும் ஒரே சொல் சுமக்கிறது. சொல்லின் பிறப்பைப் பார்த்தால் இந்தக் குழப்பத்தில் பாதி விளங்கும்.

‘புனர்’ வடசொல், மீண்டும், திரும்பவும் என்று பொருள். ‘வாழ்வு’ தமிழ். இப்படி இரு மொழி கூடிப் பிறந்த சொல்லை இருபிறப்பி என்பார்கள். புனர்ஜென்மம், புனருத்தாரணம், புனர்நிர்மாணம் ஆகியவை முழு வடசொற்கள். புனரமைப்பு, புனர்வாழ்வின் உடன்பிறப்பு. நட்சத்திரப் பெயரான புனர்பூசமும் இந்தக் குடும்பந்தான்: வடமொழியில் அது ‘புனர்வசு’, போன செல்வத்தைத் திரும்பத் தருவது. அடுத்த நட்சத்திரமான பூசத்தின் சாயல் ஏறித் தமிழில் இன்றைய வடிவம் பெற்றது போலும்.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புனர் என்பதில் வருவது றன்னகரம். ‘புணரமைப்பு’ என்று டண்ணகரம் போட்டு எழுதும் வழக்கம் இணையச் செய்திகளில் பெருகிவிட்டது. கோயில் திருப்பணி அழைப்பிதழையும் அது விட்டுவைக்கவில்லை. புணர்தல் என்றால் கூடுதல், சேர்தல். இலக்கணத்தில் புணர்ச்சி விதி படித்தவர்கள் அதோடு நின்றிருப்பார்கள். மற்றவர்களுக்கு அந்தச் சொல் எதை நினைவூட்டும் என்று விளக்கத் தேவையில்லை. புனரமைப்பு என்று எழுத முடியாவிட்டால் சீரமைப்பு என்று எழுதிவிடலாம், யாருக்கும் நட்டமில்லை.

பொருள் வந்த வழி ஆங்கிலத்தின் ‘ரீஹேபிலிடேஷன்’. அதன் அடியில் கிடப்பது ‘ஹாபிலிஸ்’ என்ற லத்தீன் சொல்; தகுதியுள்ள, இயலக்கூடிய என்று பொருள். பதவியோ உரிமையோ பறிக்கப்பட்டவருக்கு அதைத் திருப்பிக் கொடுத்து, பழைய தகுதியில் நிறுத்துவதையே இடைக்கால லத்தீனில் இது குறித்தது. காயமுற்ற படைவீரருக்கான மருத்துவப் பயிற்சி, சிறைப்பட்டவரைத் திருத்துதல், அகதிகளை நிலைநிறுத்துதல் என்று பிற்காலத்தில் பொருள் விரிந்தது. ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டிருந்த அத்தனை பொருளும் ‘புனர்வாழ்வு’க்குள் அப்படியே வந்து இறங்கின. மொழிபெயர்த்தவர்கள் தரம் பிரிக்கவில்லை.

ஈழத்தில் இச்சொல்லுக்குப் பெரும் புழக்கம் தந்தது தமிழர் புனர்வாழ்வுக் கழகம். 1985இல், கடல் கடந்து வந்த அகதிகளுக்கு உதவுவதற்காகத் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட அமைப்பு அது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு வடக்கு, கிழக்குக் கரையோரங்களில் அதன் பெயர் இல்லாத இடம் குறைவு. இன்னொரு பக்கம் இலங்கை அரசு 2006இல் புனர்வாழ்வு ஆணையாளர் நாயகத்தின் பணியகத்தை நிறுவியது. 2007இல் கழகம் விடுதலைப் புலிகளின் முகப்பு அமைப்பு என்று சொல்லி அமெரிக்கா அதன் சொத்துகளை முடக்கியது. எதிரெதிரே நின்ற இரு தரப்பும் கையில் வைத்திருந்தது ஒரே சொல்லை.

2009 மே மாதம் போர் முடிந்தது. ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் முகாம்களில் அடைபட்டனர்; அவர்களில் பெரும்பாலோர் வவுனியா செட்டிகுளத்தை அடுத்த மெனிக் பாம் முகாமில். அரசு அதை ‘நலன்புரிக் கிராமம்’ என்றது. முகாமின் வலயங்களுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்று தமிழ்ப் பெரியோர் பெயர்களைச் சூட்டியது. முள்வேலிக்குள் இருந்த தறப்பாள் கூடாரத்துக்கு இராமநாதன் பெயர்! பெயர் வைத்தவரின் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும். அங்கிருந்தும் சரணடைந்தவர்களிலிருந்தும் பிரித்தெடுக்கப்பட்ட ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். தையலும் தச்சும் சிங்களமும் கற்பித்தார்கள் என்பது உண்மை. பெரும்பாலோர் எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தப்படாமலேயே உள்ளே இருந்தார்கள் என்பதும் உண்மை.

ஊர்ச்சனம் இதற்கு என்ன பெயர் வைத்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. ‘புனர்வாழ்வளிக்கப்பட்ட முன்னாள் போராளிகள்’ என்பது பத்திரிகைத் தலைப்பு. வீட்டிலும் தெருவிலும் அவர்கள் ‘தடுப்பிலிருந்து வந்தவர்கள்’. ‘மகன் தடுப்பில் இருக்கிறான்’ என்று சொன்ன தாய்க்கு அகராதி தேவைப்படவில்லை. நடந்தது என்னவோ அதற்குரிய வினைச்சொல்லை எடுத்துப் பெயராக்கிக்கொண்டார்.

சட்டத்திலும் இச்சொல் ஒருமுறை மாட்டிக்கொண்டது. 2022இல் வந்த புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் போதைப்பொருளுக்கு அடிமையானவர்கள், முன்னாள் போராளிகள், வன்முறைத் தீவிரவாதக் குழுவினர் எனப் பட்டியலிட்டு, ‘புனர்வாழ்வு தேவைப்படும் வேறெந்தக் குழுவினரும்’ என்று முடிந்தது. அந்தக் கடைசித் தொடர் யார் வீட்டுக் கதவையும் தட்டக்கூடியது. சட்டமூலம் அரசியலமைப்பின் சமத்துவ உறுப்புரைக்கு முரணானது என்றது இலங்கையின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம். முன்னாள் போராளிகள், தீவிரவாதக் குழுவினர், வேறெந்தக் குழுவினரும் ஆகிய குறிப்புகளை நீக்கினால் முரண் தீரும் என்றும் சொன்னது. திருத்தத்தோடு 2023 ஜனவரியில் சட்டம் நிறைவேறியது.

இனித் தமிழ்ச்சொல். தமிழ்நாட்டில் ‘மறுவாழ்வு’ நெடுங்காலமாகப் புழங்குகிறது. தொழுநோயாளர் மறுவாழ்வு இல்லம், குடிநோயாளர் மறுவாழ்வு மையம் எல்லாம் ஊரறிந்தவை. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தாயகம் திரும்பியோரின் மறுவாழ்வுக்காகத்தான் 1969இல் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்கள் போட்டதும் இதற்காகவே. 2021 ஆகஸ்டில் ‘இலங்கை அகதிகள் முகாம்’ என்ற பெயரைத் தமிழ்நாடு அரசு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. நல்ல மாற்றந்தான். அங்கே வாழ்வோரின் குடியுரிமைக் கேள்விக்குப் பெயர்ப்பலகையில் விடை எழுத முடியாது என்பது வேறு கதை.

‘மறு’ என்பதற்கு வேறு, மற்றைய என்ற பொருளும் உண்டே, அப்படியானால் மறுவாழ்வு என்பது பழையதைத் தொலைத்த இன்னொரு வாழ்வு ஆகிவிடாதா என்று சிலர் கேட்கிறார்கள். கரும்பு வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் துளிர்த்து வளர்வதை உழவர்கள் மறுதாம்பு என்கிறார்கள். வேர் அதேதான், நிலமும் அதேதான், பயிர் மட்டும் புதிது. ‘மறு’வுக்கு இந்தப் பொருளும் இருக்கும்போது வடமொழியிடம் போய் ‘புனர்’ வாங்கி வர வேண்டியதில்லை. கட்டடம், சாலை, குளம் போன்றவற்றுக்கு மறுசீரமைப்பு அல்லது மீள்கட்டுமானம், வாழ்வுக்கு மறுவாழ்வு.

மறுவாழ்வுக்கு முந்திய கட்டத்தில் வரும் ‘நிவாரணம்’ என்ற சொல்லையும் தொட்டுவிட்டுப் போகலாம். வடமொழியில் அதற்கு விலக்குதல், தடுத்தல் என்று பொருள். வலி நிவாரணி என்பதில் அந்தப் பொருள் இன்னும் கெடாமல் இருக்கிறது. கூட்டுறவுக் கடையில் வாங்கும் உலருணவுக்கு அது பெயரானது நம்மிடந்தான். மலையாளத்தார் துரிதாஸ்வாசம் என்கிறார்கள், கன்னடத்தில் பரிகாரம், இந்தியில் அரபியிலிருந்து வந்த ராஹத். ‘துயர்துடைப்பு’ நல்ல தமிழ். ஆனால் தலைப்பில் நீளும் என்பதாலோ என்னவோ, செய்தி ஆசிரியர்கள் அதைத் தொடுவதில்லை.

‘மீள்குடியேற்றம்’ என்ற சொல்லில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். மீளுதல் என்றால் புறப்பட்ட இடத்துக்குத் திரும்புதல். 2012 செப்டம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டபோது முல்லைத்தீவு கேப்பாப்புலவு மக்களும் ‘மீள்குடியேற்றப்பட்டவர்கள்’ கணக்கில் சேர்ந்தார்கள். அவர்களுடைய காணிகளில் இராணுவ முகாம் இருந்தது. அவர்கள் இறக்கிவிடப்பட்டது வேறோர் இடமான சீனியாமோட்டையில். 2017இல் அந்த இராணுவ முகாம் வாசலிலேயே அமர்ந்து தங்கள் காணியைக் கேட்டுப் பல மாதங்கள் போராடினார்கள். ஏற்கெனவே மீள்குடியேறியவர்கள் ஏன் ஊருக்குத் திரும்பக் கேட்கிறார்கள் என்று அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு எப்படி விளக்குவது? சொந்தக் காணிக்குத் திரும்பினால் மீள்குடியேற்றம். வேறிடத்தில் அமர்த்தினால் மாற்றிடக் குடியமர்வு. நாகப்பட்டினக் கரையிலிருந்து உள்ளே தள்ளிக் கட்டிய சுனாமி குடியிருப்புகளும் இந்த இரண்டாம் வகைதான்.

புனர்வாழ்வு ஆணையாளர் நாயகம், தமிழர் புனர்வாழ்வுக் கழகம் முதலியவை பதவிப் பெயர், அமைப்புப் பெயர். அவற்றை உள்ளபடியே எழுத வேண்டும். பொதுச் சொல்லாக எழுதும் இடங்களில் உதவி என்றால் மறுவாழ்வு, அடைப்பு என்றால் தடுப்பு, போதைக்கான மருத்துவம் என்றால் சிகிச்சை என்று பிரித்து எழுதினால் போதும்.