யுக்ரோனியா: நடக்காத வரலாற்றுக்கு ஒரு தமிழ்ப்பெயர்

கொக்குவிலில் நான்கைந்து இளைஞர்கள் சேர்ந்து ஒரு விஞ்ஞான ஒலிநாடகம் செய்கிறார்கள். பிரதியில் மொழிப்பிழை பார்த்துத் தரும்படி என்னிடம் கொண்டுவந்தார்கள். கதை 1990களின் யாழ்ப்பாணத்தில் தொடங்குகிறது. மின்சாரம் இல்லை, பற்றரியும் கிடைக்காது. ஒரு பெடியன் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்திவிட்டு மிதியைக் கையால் சுற்றுகிறான்; டைனமோவில் றேடியோ பாடுகிறது. அந்தக் காலத்தில் இங்கே இருந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நாங்கள் செய்தி கேட்டதும் நாடகம் கேட்டதும் அப்படித்தான். ஓர் இரவு அவன் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்ற, இதுவரை கேட்டிராத ஒரு நிலையம் பிடிபடுகிறது. அதில் ஒருவர் நிதானமாகச் செய்தி வாசிக்கிறார்: யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏட்டுச்சுவடிகளுக்கென்று புதிய மண்டபம் இன்று திறக்கப்பட்டது. 1981இல் அந்த நூலகம் எரியாத ஓர் உலகத்தின் செய்தி அது.

இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அப்புறம் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனேன். தலைப்பின் கீழே ‘ஒரு யுக்ரோனியா நாடகம்’ என்று எழுதியிருந்தார்கள். சொல்லைச் சுற்றி வட்டம் போட்டேன். “அதுக்குத் தமிழ் என்ன ரீச்சர்?” என்று கேட்டார்கள். உடனே விடை சொல்ல முடியவில்லை. இரண்டு கிழமையாக யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பொருள். உண்மையில் நடந்த வரலாற்றில் ஏதாவது ஒரு கட்டத்தைப் பிடித்து, அது வேறு மாதிரி நடந்திருந்தால் அதன்பின் உலகம் எப்படிப் போயிருக்கும் என்று கற்பனை செய்யும் கதைக்கு யுக்ரோனியா என்று பெயர். திரும்பும் அந்தப் புள்ளி உண்மையாக இருக்க வேண்டும். அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் நாம் அறிந்த வரலாறு. பின்னால் வருவது மட்டும் கற்பனை. இந்தக் கண்டிப்பு இல்லாவிட்டால் அது வெறும் அரசர் கதையாகிவிடும்.

சொல்லை உண்டாக்கியவர் பிரெஞ்சு மெய்யியலாளர் ஷார்ல் ரெனூவியே. ரோமப் பேரரசின் வரலாறு வேறு திசையில் போயிருந்தால் ஐரோப்பா என்னவாகியிருக்கும் என்று ஒரு நூல் எழுதி, 1876இல் இந்தச் சொல்லையே அதற்குத் தலைப்பாக வைத்தார். பிரெஞ்சில் அது உக்ரோனி. மற்ற மொழிகளுக்குப் போனபோது யுக்ரோனியா ஆயிற்று. அவருக்கு முன்மாதிரி தாமஸ் மோர் 1516இல் ஆக்கிய யுடோப்பியா என்ற சொல். கிரேக்கத்தில் ‘ஊ’ என்பது இல்லை என்னும் எதிர்மறை, ‘தோப்பொஸ்’ இடம். இரண்டும் சேர்ந்தால் இல்லாத இடம். ரெனூவியே இடத்தை எடுத்துவிட்டுக் காலத்தை வைத்தார். ‘குரோனொஸ்’ என்றால் காலம். ஆகவே யுக்ரோனியா என்பது இல்லாத காலம்.

சொல் பிந்தியது, எண்ணம் மிகப் பழையது. ரோம வரலாற்றாசிரியர் லிவி, தம் நூலின் ஒன்பதாம் பகுதியில், அலெக்சாந்தர் கிழக்கே வராமல் மேற்கே திரும்பி ரோமாபுரியோடு மோதியிருந்தால் யார் வென்றிருப்பார் என்று கேட்டு, ரோமர்தான் என்று தாமே விடையும் சொல்கிறார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே ஒருவருக்கு இந்த ஆசை வந்திருக்கிறது.

பிரதி எழுதிய தம்பிமாரில் ஒருவர், யுக்ரோனியாவில் உள்ள ‘யுக்’ நம்முடைய யுகம்தானே என்று கேட்டார். கேட்க இனிமையாக இருந்தாலும் உறவு இல்லை. யுகம் வடமொழிச் சொல். இணைத்தல், நுகத்தில் பூட்டுதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. அங்கே எதிர்மறையே கிடையாது. ஒலி ஒத்துப்போனால் உறவு என்று முடிவுகட்டுவது சொல்லாராய்ச்சியில் பெரிய ஆபத்து.

சரி, தமிழுக்கு வருவோம். இப்போது புழக்கத்தில் இருப்பது ‘மாற்று வரலாறு’. ஆங்கில வழக்கின் நேர் மொழிபெயர்ப்பு அது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காரணம் மொழித்தூய்மை அல்ல, பொருள் குழம்புகிறது. தமிழில் மாற்று என்ற அடைக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. மாற்றுச் சினிமா, மாற்றுக் கருத்து, மாற்று மருத்துவம் என்கிறோம். இவையெல்லாம் உண்மையில் உள்ளவை. பெரிய வழியை விட்டு வேறு வழியால் போகிறவை. அதே மாதிரி மாற்று வரலாறு என்றால், அரசுப் பாடநூல் சொல்லாததை, ஒடுக்கப்பட்டவர்கள் பக்கத்திலிருந்து சொல்லும் உண்மையான வரலாறு என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். அந்தப் பொருளில் அது நல்ல சொல், தேவையான சொல். வேறெங்கும் இந்தக் குழப்பத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்தில் முடியாது. நூலகம் எரியவில்லை என்று தொடங்கும் ஒரு நாடகத்துக்கு மாற்று வரலாறு என்று பெயர் வைத்தால், நடந்ததை யாரோ மறுக்க வருகிறார்கள் என்று கேட்பவர் நினைக்கக்கூடும். நினைத்தால் அவர் மேல் பிழை இல்லை. 1981இல் வைத்த தீயில் ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அதைப் பற்றிய ஒரு கற்பனையின் பெயரிலேயே ‘இது நடக்கவில்லை, நடந்தது வேறு’ என்ற ஒப்புதல் இருக்க வேண்டும். கிரேக்கச் சொல்லில் அந்த எதிர்மறை இருக்கிறது. மாற்று என்ற சொல்லில் இல்லை.

ஆக, தேடவேண்டியது ஓர் எதிர்மறையை. அதற்கு முன் வரலாறு என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். வரல் + ஆறு. வரல் என்றால் வருதல், ஆறு என்றால் வழி. வந்த வழி, வந்த விதம். நாம் நிற்கும் இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்பதுதான் வரலாறு. வடமொழியின் இதிகாசம் ‘இப்படித்தான் இருந்தது’ என்று சொல்கிறது. தமிழ்ச்சொல் நடந்து வந்த பாதையைக் காட்டுகிறது. பாதை என்றால் கிளைகள் இருக்கும், சந்திகள் இருக்கும். ஒரு சந்தியில் இந்தப் பக்கம் திரும்பினோம், மற்றப் பக்கம் திரும்பவில்லை. யுக்ரோனியாவின் அடிப்படை எண்ணமே இதுதான். நம் சொல்லுக்குள் அது முன்பே இருப்பதைக் கண்டபோது மிகவும் மகிழ்ந்தேன்.

இனி இலக்கணம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த ஒன்று ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ஓடாத குதிரை என்பதில் ‘த’ கெட்டு ஓடாக் குதிரை ஆகும். தொல்காப்பியர் வினையியலில் எதிர்காலத்தைக் குறிக்க ‘வாராக் காலம்’ என்று ஆள்கிறார். இன்னும் வராத காலம். காலத்துக்கு எதிர்மறையால் பெயர் வைக்கும் வழக்கம் தமிழின் மிகப் பழைய இலக்கண நூலிலேயே இருக்கிறது என்றால், நாம் கிரேக்கத்திடம் கடன் வாங்க என்ன தேவை? வாராக் காலம் போல, நிகழா வரலாறு.

அதே நூற்பாவில் இன்னொரு செய்தியும் உண்டு. விரைவைக் காட்ட, வாராக் காலத்தையும் நிகழ்காலத்தையும் இறந்தகாலமாகச் சொல்லலாம் என்கிறது. வாசலில் ஆள் கூப்பிட, உள்ளே சட்டை மாட்டிக்கொண்டே “இந்தா வந்திட்டன்” என்கிறோமே, அதுதான். இன்னும் வரவில்லை, ஆனால் வந்தாயிற்று. காலப்பயணக் கதை எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கப் பாடம் கிடையாது.

இதைவிட ஆழமாக என்னைப் பிடித்துக்கொண்டது ‘இருந்திருந்தால்’ என்ற சொல். இருந்து + இருந்தால். ஒரே வினை இரண்டு தரம் வருகிறது. ‘எரியாமல் இருந்தால்’ என்றால் அது இனிமேலும் நடக்கலாம், கதவு திறந்திருக்கிறது. ‘எரியாமல் இருந்திருந்தால்’ என்றால் கதவு பூட்டியாயிற்று. இரண்டாவது ‘இரு’ வந்து உட்கார்ந்ததும், இது கைவிட்டுப் போனது என்று சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். அதற்கு விடையாக வரும் சொல் இன்னும் வியப்பானது: ‘இருந்திருக்கும்’. முன்பகுதி இறந்தகாலம், முடிவில் உள்ள ‘உம்’ எதிர்கால விகுதி. கடந்துபோன ஒன்றின் எதிர்காலம் ஒரே சொல்லுக்குள் நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் இந்த வினைமுடிவு இல்லாத வீடு இருக்கிறதா? “அண்டைக்கு அந்த றெயினில ஏறியிருந்தா.” “தொண்ணூற்றைந்தில வெளிக்கிடேக்க அந்தப் பெட்டியையும் தூக்கியிருந்தா.” 1995 ஒக்ரோபரில் போருக்குப் பயந்து ஊரே இடம்பெயர்ந்த அந்த இரவு, நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு நிகழா வரலாறு இருக்கிறது. அதைப் புனைகதை என்று அவர்கள் நினைத்ததே இல்லை.

வேறு சில வடிவங்களையும் வைத்துப் பார்த்தேன். ‘எதிர்மெய்’ செறிவாக இருக்கிறது, ஆனால் பொய்க்கு மறுபெயர் போல ஒலிக்கிறது. ‘இணை வரலாறு’ என்றால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுவதாகப் பொருள் வரும். சில கதைகளுக்கு மட்டும் பொருந்தும். ‘வாரா வரலாறு’ என்பதில் மோனை அழகாக விழுகிறது. ஆனால் காதில் விழும்போது வாராவாரம் நினைவுக்கு வருகிறது, தவிர வராத வழிக்கு ‘வந்த வழி’ என்று பெயரிடுவதில் ஒரு முரண் இருக்கிறது. ‘நடவா வரலாறு’ எழுத்தில் சரி. சொல்லும்போது ‘நட, வா’ என்று இரண்டு ஏவலாகப் பிரிந்துவிடுகிறது.

காது, காது என்று நான் நிற்பதற்குக் காரணம் இது ஒலிநாடகம் என்பதால். பார்க்க ஒன்றும் இல்லாத மேடை அது. பிபிசி 1924 ஜனவரியில் வானொலிக்கென்றே எழுதப்பட்ட ஒரு நாடகத்தை ஒலிபரப்பியபோது, கதையை நிலக்கரிச் சுரங்கத்தில், விளக்கணைந்த இருட்டில் வைத்தார்கள். கேட்பவருக்கும் பாத்திரங்களுக்கும் ஒரே இருட்டு. இலங்கை வானொலியில் சானா என்று எல்லோரும் அழைத்த சண்முகநாதன் தமிழ் நாடகங்களைத் தயாரித்த காலத்தில், பாத்திரத்தின் ஊர் எது, வயது என்ன என்பதைப் பேச்சுத்தமிழே காட்டிக்கொடுத்தது. காலப்பயணத்துக்கு இதைவிட வாய்ப்பான வடிவம் இல்லை என்று நினைக்கிறேன். படத்தில் 1981ஐக் காட்டத் தெருவையே கட்ட வேண்டும். ஒலியில் யாழ்தேவி றெயின் தூரத்தில் வந்து நிற்கும் சத்தம் போதும். 1990இல் அந்தச் சத்தம் இங்கே நின்றது, 2014இல் திரும்பி வந்தது. இடையில் பிறந்த பிள்ளைக்கு அது எதிர்காலத்தின் ஒலி, எனக்கு இளமையின் ஒலி.

பெயர் பற்றி ஒரு வரி: ‘வானொலி நாடகம்’ என்று இதைச் சொல்ல முடியாது, அலைபேசியில் தரவிறக்கிக் கேட்கும் நாடகத்துக்கு வானோடு தொடர்பில்லை. ‘ஒலிச்சித்திரம்’ என்றால் வானொலியில் போட்ட திரைப்பட ஒலித்தடமே பலருக்கு நினைவு வரும். ‘ஒலிநாடகம்’ போதும். காலப்பயணத்தையும் மாற்றத் தேவையில்லை. பயணத்துக்குப் பழந்தமிழில் செலவு என்ற சொல் உண்டுதான். ஆனால் இன்று காலச்செலவு என்றால் நேரத்தை வீணாக்குவது என்றே விளங்கிக்கொள்வார்கள்.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் இந்த ஊரில் ஒரு சொல்லுக்கு வேர் பார்க்க எனக்கு மனம் வராது. நல்லூரில் இருந்த சுவாமி ஞானப்பிரகாசர் யாழ்ப்பாண வரலாற்றையும் எழுதினார், தமிழ்ச் சொற்பிறப்பு ஒப்பியல் அகராதியையும் தொடங்கினார். 1947இல் அவர் காலமானபோது அகராதி முற்றுப்பெறவில்லை. அந்தத் துறையில் அவர் வழியில் உழைத்தவர் தாவீது அடிகளார். நூலகம் எரிவதைப் புனித பத்திரிசியார் கல்லூரியிலிருந்து பார்த்த அவர் அந்த அதிர்ச்சியிலேயே உயிர் நீத்தார். நூலகம் எரியாமல் இருந்திருந்தால் அடிகளார் இன்னும் சில ஆண்டுகள் இருந்திருப்பார், சொற்களுக்கு வேர் கண்டிருப்பார். நான் இரண்டு கிழமை தேடிய விடையை அவர் ஒரு மாலையில் சொல்லியிருப்பார். பிள்ளைகளிடம் இதைச் சொன்னேன். அந்தக் கள்ள நிலையத்தின் செய்தியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: தாவீது அடிகளாரின் அகராதி இறுதித் தொகுதி இன்று வெளியிடப்பட்டது.

‘நிகழா வரலாறு’ என்பதை எழுதும்போது இரண்டு சொல்லாகவே எழுதலாம். அடையாக வரும்போது ‘நிகழா வரலாற்று ஒலிநாடகம்’. ஒருமுறை சொல்லிப் பழகினால் நாக்கு பிடித்துக்கொள்ளும். ஒரு தடைதான். எங்கள் பேச்சில் ழகரம் ளகரமாகிவிடும். ஒத்திகையில் அறிவிப்புச் செய்த தங்கச்சி ‘நிகளா’ என்றே வாசித்தாள். அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது, பக்கத்து அறையில் படுத்திருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தவ, “அதென்ன பிள்ளை, நடக்காத கதையோ?” என்றா. ஓம் அம்மா என்றேன். தங்கச்சி நாக்கை மடித்து, ழாவை நீட்டி, திரும்பவும் முதலிலிருந்து வாசித்தாள்.