விலை பேச முடியாதவை: சாமி ராஜதந்திரத்துக்குள் வந்தால் என்ன நடக்கிறது?

குமரி மாவட்டத்தில் ரோடு அகலப்படுத்தும்போது வீட்டு முன்சுவர் போகிறது என்றால் பேச்சு நஷ்டஈட்டில் தொடங்கி நஷ்டஈட்டிலேயே முடியும். சென்டுக்கு எவ்வளவு, தென்னைக்குத் தனியாக உண்டா என்று கேட்பார்கள். அதே வழியில் ஒரு குருசடியோ (சிலுவை நிற்கும் சிறு வழிபாட்டிடம்) இசக்கியம்மன் பீடமோ நின்றால் கதை வேறு. அங்கே முதலில் பணத்தைப் பற்றி வாயைத் திறப்பவர் காரியத்தைக் கெடுத்துவிடுவார். பங்குச் சாமியாரையோ ஊர்த் தலைவரையோ முன்னால் வைத்து, மாற்று இடம் காட்டி, முறைப்படி எடுத்து வைக்கிறோம் என்றால்தான் ஆட்கள் உட்காரவே செய்வார்கள்.

நாடுகளுக்கு இடையிலான சண்டையிலும் இதே குணம் இருக்கிறதா? ஜெரமி கிஞ்சஸ், ஸ்காட் அட்ரன் முதலான ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2007-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். மேற்குக்கரை, காசாவில் குடியேறிய யூதர்கள், பாலஸ்தீன அகதிகள், பாலஸ்தீன மாணவர்கள் ஆகியோரிடம் கற்பனையான சமாதான ஒப்பந்தங்களைக் காட்டினார்கள். சிலருக்கு வெறும் விட்டுக்கொடுப்பு. சிலருக்கு அதோடு பெரிய பண உதவி. இன்னும் சிலருக்கு, எதிர்த்தரப்பும் தான் புனிதமாகக் கருதும் ஒன்றை விட்டுக்கொடுக்கும் என்ற வாக்கு. நிலத்தையோ, அகதிகள் சொந்த ஊருக்குத் திரும்பும் உரிமையையோ புனிதமாகக் கருதியவர்களிடம், பணம் சேர்ந்ததும் கோபம் கூடியது. எதிர்த்தரப்பின் விட்டுக்கொடுப்பு, அதில் காலணா வரவு இல்லாவிட்டாலும், எதிர்ப்பைக் குறைத்தது.

காரணத்தைத் தேடிய இன்னொரு ஆய்வு 2012-ல் மூளை ஸ்கேன் வரை போனது. தங்கள் கொள்கைக்கு எதிரான வாக்கியத்தில் கையெழுத்திட்டால் பணம் தருகிறோம் என்று பங்கேற்றவர்களிடம் சொன்னார்கள். எந்தக் கொள்கைகளை விற்க மறுத்தார்களோ, அவற்றைப் பற்றி யோசிக்கும்போது, சரி தவறு என்ற விதிகளோடு தொடர்புடையவை எனக் கருதப்படும் பகுதிகள் கூடுதலாக இயங்கின. லாபநஷ்டம் எடைபோடும் பகுதிகளில் அந்த வேகம் இல்லை. ஸ்கேன் படத்தை வைத்து ஒரு நாட்டின் வெளியுறவுக் கொள்கையை விளக்கிவிட முடியாதுதான். ஆனாலும் குருசடி முன்னால் நடப்பதோடு இது ஒத்துப்போகிறது. பணம் என்றதும் அங்கே நிற்கும் ஊர்க்காரர் காதில் விழுவது, ‘உன் சாமிக்கு விலை என்ன?’ என்ற கேள்வி.

புனிதமாவதற்கு ஒன்று கோயிலாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஈரானியர்களில் ஒரு சிறு பகுதியினர் தங்கள் அணுசக்தித் திட்டத்தையே அப்படிப் பார்க்கிறார்கள் என்று 2010-ல் வெளியான ஆய்வு சொன்னது. அவர்களிடமும் பொருளாதாரச் சலுகை பேசினால் கோபம்தான் மிஞ்சியது. நமக்கென்ன என்று குமரிக்காரர் இருந்துவிட முடியாது. ஈரான் கடலில் கூலிக்கு மீன்பிடிக்கப் போகிறவர்கள் நம் கடற்கரை ஊர்க்காரர்கள்.

ஆட்சியாளர்கள் இந்தக் குணத்தை ஆய்வுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மா, 1750 ஜனவரியில் ராஜ்ஜியம் முழுவதையும் பத்மநாபசுவாமிக்கு எழுதிக் கொடுத்து, தன்னைப் பத்மநாபதாசன் ஆக்கிக்கொண்டார். தலைநகரம் அப்போது தக்கலைக்குப் பக்கத்துப் பத்மநாபபுரம். அதைப் பக்தி என்று மட்டும் படித்தால் பாதிதான் புரியும். அண்டை நாடுகளைப் பிடித்துச் சேர்த்த புது ராஜ்ஜியம் அது. ‘என் நிலம்’ என்றால் பேரம் பேசலாம். ‘சாமி நிலம்’ என்றால் அரசரே நினைத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது. தன் கையைத் தானே கட்டிக்கொண்டவனுக்குப் பேச்சுவார்த்தையில் பலம் கூடும் என்று 1960-ல் பொருளாதார அறிஞர் தாமஸ் ஷெல்லிங் விளக்கினார். கலகம் செய்பவனும் இனி ராஜதுரோகி மட்டுமல்ல, சாமிதுரோகி.

அதே அரசர், குளச்சலில் பிடிபட்ட டச்சுப் படைக் கேப்டன், கத்தோலிக்கரான டி லெனாயைத் தன் படையைப் பழக்க வைத்துக்கொண்டார். அவர் கல்லறை உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது. டி லெனாயின் பழக்கத்தால் கிறிஸ்தவரான அரண்மனை ஊழியர் தேவசகாயம் பிள்ளையோ 1752-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். காரணங்களைப் பற்றி இன்றும் வாதம் நடக்கிறது. அந்நியக் கேப்டனின் சிலுவை அரசை உறுத்தவில்லை, சொந்த ஊழியரின் சிலுவை உறுத்தியது என்றுதான் எனக்குப் படுகிறது.

நம்பிக்கை முடிச்சை அவிழ்த்ததும் உண்டு. தென் அமெரிக்காவின் தென்கோடியில் பிக்டன், லெனாக்ஸ், நுவேவா என்ற மூன்று தீவுகளுக்காக 1978 டிசம்பரில் அர்ஜென்டினாவும் சிலியும் போருக்குத் தயாராகிவிட்டன. தீவுகள் சிலிக்கே என்ற நடுவர் தீர்ப்பை அர்ஜென்டினா அதற்கு முன்பே தள்ளிவிட்டிருந்தது. கடைசி நேரத்தில் போப் இரண்டாம் ஜான் பால், கர்தினால் அந்தோனியோ சமோரேயை அனுப்பினார். 1984-ல் கையெழுத்தான உடன்படிக்கையிலும் தீவுகள் சிலிக்குத்தான். ஆனால் இம்முறை அர்ஜென்டினா மக்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்து ஆதரித்தார்கள். இடையில் ஃபாக்லாந்து தோல்வி வந்தது, ராணுவ ஆட்சி போனது. அவற்றின் பங்கு பெரிது. இருந்தாலும் நீதிபதியிடம் தோற்பதும், இரண்டு நாட்டாரும் மண்டியிடும் ஒருவரின் சொல்லுக்கு இணங்குவதும் ஒன்றல்ல. 1982-ல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த மண்டைக்காட்டுக் கலவரத்துக்குப் பிறகு குன்றக்குடி அடிகளார் இங்கே வந்து இரு தரப்பையும் சமாதானப்படுத்தியதை நினைவுள்ளவர்களுக்கு இது புரியும். அவர் சைவ மடத்தின் தலைவர். அவர் வந்து நின்றதே பாதிப் பேச்சு.

கச்சத்தீவு ஒப்பந்தத்தில் இந்தக் கணக்கு எழுத்திலேயே கிடக்கிறது. 1974 ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவர்களும் பக்தர்களும் விசா இல்லாமல் அத்தீவுக்குப் போய்வரலாம் என்றது. 1976-ல் பரிமாறிய கடிதங்கள் மீன்பிடிப்பை நிறுத்தின. அத்தீவின் அந்தோணியார் திருவிழாவுக்குப் போகும் வழக்கத்தை அக்கடிதங்கள் எடுத்துவிடவில்லை. குமரிக் கடற்கரைக்கும் அந்தோணியார் அந்நியரல்ல என்பதால், அதை அக்கடிதங்கள் தொட்டிருந்தால் எதிர்ப்பு ராமேஸ்வரத்தோடு நின்றிருக்காது என்றே நினைக்கிறேன்.

2024-ல் அந்தத் திருவிழாவை ராமேஸ்வரம் மீனவர்களே புறக்கணித்தார்கள். இலங்கைச் சிறையில் இருந்த தங்கள் ஆட்களை விடுவிக்கக் கேட்டு, ஒப்பந்தத்திலும் கடிதங்களிலும் கைவைக்காத ஒன்றைத் தாங்களே நிறுத்தினார்கள். அந்த ஆண்டு இங்கிருந்து பக்தர் படகு போகவில்லை.