ஸ்பானிஷ் படிவம் சரி, எந்தப் பெண்களிடம் சோதித்தது?

பிரசவமான பெண்களுக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க, எடின்பர்க் அளவுகோல் என்ற படிவத்தைப் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். 10 கேள்விகள். கடந்த 7 நாட்களில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, ஆக மொத்தம் 30 மதிப்பெண். நான் அமெரிக்காவில் உளவியலாளராக வேலை செய்கிறேன். என்னிடம் அனுப்பப்படும் தாய்மார்களில் பெரும்பாலோர் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். அவர்கள் நிரப்பும் ஸ்பானிஷ் படிவம் 'முறையாகச் சரிபார்க்கப்பட்டது' என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. எந்த ஊரில், எப்படிப்பட்ட பெண்களிடம், எந்தக் கட்-ஆஃப் (இந்த மதிப்பெண்ணோ அதற்கு மேலோ எடுத்தால் விரிவாக விசாரிக்கவேண்டும் என்ற எல்லை) வைத்துச் சரிபார்த்தார்கள்? மருத்துவர்களும் செவிலியர்களும் இதைக் கேட்டே ஆகவேண்டும் என்று நினைக்கிறேன்.

ஜான் காக்ஸும் அவருடன் இரண்டு பேரும் ஸ்காட்லாந்தில் உருவாக்கி 1987-இல் வெளியிட்ட அளவுகோல் இது. தூக்கமில்லாமை, உடல் அசதி போன்ற அறிகுறிகளுக்கு இதில் பெரிய இடம் கிடையாது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் தாய்க்குத் தூக்கம் கெடுவது இயல்பு, அதை நோய்க் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள். 13-உம் அதற்கு மேலும் எடுத்தால் மனச்சோர்வு இருக்க வாய்ப்பு அதிகம் என்றார்கள். அடிப்படைச் சுகாதார நிலையங்களில் வழக்கமாகக் கொடுப்பதானால் 10 என்று வைத்துக்கொள்ளலாம் என்று அதே கட்டுரையில் சொன்னார்கள்.

அப்புறம் ஸ்பானிஷ். 1995-இல் சிலியில் சோதித்தவர்கள் 10-ஐக் கட்-ஆஃப் ஆக வைத்தார்கள். 2002-இல் பெருவின் லிமாவில் அது 14 ஆனது. 2003-இல் பார்சிலோனாவில் 11. இப்போது 12 மதிப்பெண் எடுத்த ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். சிலி, பார்சிலோனா கணக்குப்படி அவரை உட்காரவைத்து விரிவாகப் பேசவேண்டும். லிமா கணக்குப்படி அவர் வீட்டுக்குப் போகலாம். மூன்றுமே ஸ்பானிஷ் படிவங்கள், மூன்றுமே முறையாகச் சோதிக்கப்பட்டவை.

இதைப் பார்த்ததும் 'கலாச்சார வித்தியாசம்' என்று சொல்லிவிடத் தோன்றும். அவ்வளவு சீக்கிரம் அதை ஏற்க என் மனம் ஒப்பவில்லை. சிலி ஆய்வில் இருந்தவர்கள் நூற்றுக்குச் சற்று அதிகமான பெண்கள்தான். அவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் மனச்சோர்வு இருந்தது. அப்படியானால் அந்தக் கட்-ஆஃப் ஏறத்தாழ பத்துப் பெண்களின் பதில்களை நம்பி நிற்கிறது. இரண்டு பேர் வேறு மாதிரி குறித்திருந்தால் எண்ணே மாறியிருக்கும். தவிர, பார்சிலோனாவில் லேசான மனச்சோர்வையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். எதைத் தேடுகிறோம் என்பது மாறினால் கட்-ஆஃபும் மாறத்தான் செய்யும். 2020-இல் 58 ஆய்வுகளின் தரவுகளை, 15,557 பெண்களின் பதில்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது நோய் உள்ளவர்களைப் பிடிப்பதற்கும் இல்லாதவர்களை விலக்குவதற்கும் இடையே 11-உம் அதற்கு மேலும் என்பதுதான் சமநிலையான புள்ளியாக வந்தது. உள்ளூரில் நல்ல ஆய்வு இல்லாதபோது நான் அந்த எண்ணைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

சரிபார்ப்பு எப்படி நடக்கவேண்டும் என்பதற்கு பார்சிலோனா ஆய்வு நல்ல உதாரணம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் படிவத்தை நிரப்பினார்கள். மனச்சோர்வு யாருக்கு உண்மையிலேயே இருக்கிறது என்பதை மருத்துவ நேர்காணல் மூலம் முடிவு செய்தார்கள். இரண்டையும் ஒப்பிட்டபோது, மனச்சோர்வு உள்ளவர்களில் 79 சதவீதத்தினரைப் படிவம் பிடித்தது, இல்லாதவர்களில் 95.5 சதவீதத்தினரைச் சரியாக விலக்கியது. 1,000 தாய்மார்களில் 100 பேருக்கு நோய் இருப்பதாக வைத்துக்கொண்டால், 79 பேர் அகப்படுவார்கள், 21 பேர் தப்பிவிடுவார்கள், நோய் இல்லாத சுமார் 40 பேர் தேவையில்லாமல் கவலைப்படுவார்கள். நன்றாக நடந்த ஆய்விலேயே நிலைமை இதுதான்.

நேர்காணலே இல்லாமல், குரோன்பாக் ஆல்ஃபா 0.85 வந்தது, ஆகவே சரிபார்த்தாகிவிட்டது என்று முடிக்கும் ஆய்வுகளையும் படிக்க நேர்கிறது. எனக்கு வருத்தமாக இருக்கும். கேள்விகளுக்கான பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதைத்தான் ஆல்ஃபா காட்டும். அவை அளப்பது மனச்சோர்வையா, களைப்பையா, வறுமை தரும் கவலையையா என்று அதற்குத் தெரியாது. மொழிபெயர்த்ததை வேறொருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்ப்பதும் அப்படித்தான். 1970-இல் ரிச்சர்ட் பிரிஸ்லின் விளக்கிய முறை அது. பயனுள்ளதுதான், ஆனால் அது முதல் படி. உளவியல் சோதனைகளுக்கான சர்வதேசத் தேர்வு ஆணையத்தின் வழிகாட்டுதல்களும் மொழிபெயர்ப்போடு நின்றுவிடுவதில்லை. எந்த மக்களுக்காகத் தயாரிக்கிறோமோ அவர்களிடமிருந்தே சான்று வேண்டும் என்கின்றன.

பதில் சொல்லும் பழக்கமும் ஆளுக்கு ஆள் மாறும். அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தவர்களிடம் 1989-இல் ஹுய், டிரையாண்டிஸ் இருவரும் செய்த ஆய்வில், ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து படிகளில் ஒன்றைக் குறிக்கும் 5 புள்ளி அளவுகோலில் ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளியைச் சேர்ந்த) இளைஞர்கள் மற்றவர்களைவிட அதிகமாக இரண்டு ஓரங்களையும் குறித்தார்கள். அளவுகோலை 10 புள்ளியாக மாற்றியதும் அந்த வித்தியாசம் மறைந்தது. கேள்விகளை யாரும் தொடவில்லை.

எடின்பர்க் படிவத்தில் இதைவிட நேரடியான சிக்கல் ஒன்று உண்டு. 1, 2, 4-ஆம் கேள்விகளில் மேலே இருக்கும் முதல் பதிலுக்கு 0. மற்ற ஏழிலும் முதல் பதிலுக்கு 3. அதிகம் படிக்காத ஒரு தாய், அழும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றிலும் முதல் கட்டத்தையே குறித்தால் 21 வரும். எல்லாவற்றிலும் கடைசிக் கட்டம் என்றால் 9. முதலாமவர் அவசரமாக என்னிடம் அனுப்பப்படுவார், இரண்டாமவரை யாரும் கவனிக்கமாட்டார்கள். அதனால் மொத்த மதிப்பெண்ணுக்கு முன்னால் குறிகள் எப்படி விழுந்திருக்கின்றன என்று நான் பார்க்கிறேன். ஒரே நேர்க்கோடாக இருந்தால் படிவத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பேச ஆரம்பிக்கிறேன்.

குவாத்தமாலாவிலிருந்து வருகிறவர்களில் மாம், கிச்சே போன்ற மாயா மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். ஸ்பானிஷ் அவர்களுக்கு இரண்டாவது மொழி. கணினிப் பதிவில் மொழி என்ற இடத்தில் 'ஸ்பானிஷ்' என்று இருக்கும், பார்சிலோனாவில் சோதித்த படிவம் கைக்குப் போகும். வாசித்துக் காட்டினால் போதாதா என்று கேட்பார்கள். வாசித்துக் காட்டலாம், ஆனால் தனியாக உட்கார்ந்து குறிப்பதும், கணவரோ மாமியாரோ பக்கத்தில் இருக்கும்போது ஓர் அந்நியருக்கு வாய்விட்டுப் பதில் சொல்வதும் ஒன்றில்லை. அப்படிக் கிடைக்கும் மதிப்பெண்ணுக்கு, தனியாக நிரப்பியவர்களிடம் கண்ட கட்-ஆஃபை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நல்ல முயற்சிகளும் நடக்கின்றன. பி.ஹெச்.க்யூ-9 என்ற மனச்சோர்வுப் படிவத்தை அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்களிடம் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் கொடுத்து, இரண்டு வடிவங்களும் ஒரே விஷயத்தை ஒரே மாதிரி அளக்கின்றனவா என்று 2011-இல் வெளியான ஓர் ஆய்வு பார்த்தது. அளக்கின்றன என்று தெரிந்தது. எந்த மக்களிடம் படிவத்தைக் கொடுக்கிறோமோ அதே மக்களிடம் செய்த ஆய்வு என்பதால் அதை நம்பிப் பயன்படுத்த முடிகிறது.

எடின்பர்க் படிவத்தின் 10-ஆம் கேள்வியை மட்டும் எந்தக் கட்-ஆஃபோடும் சேர்க்காதீர்கள். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்று கேட்கும் கேள்வி அது. மொத்தம் 4 என்றாலும், அந்த இடத்தில் 0 தவிர எது இருந்தாலும், அவர் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன் ஒருவர் தனியாகப் பேசவேண்டும். மொழிபெயர்க்கப் பயிற்சி பெற்றவரைக் கூப்பிடுங்கள். கணவரை வேண்டாம், உடன் வந்த மூத்த பிள்ளையைக் கட்டாயம் வேண்டாம்.