ஆடு தின்னும் தழையை மீன் தின்னுமா?

காரைக்குடிப் பக்கம் கண்மாய் மீனைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் அண்ணன் ஒருவர் கேட்டார்: “ஆடு சவுண்டல் தழையைத் தின்னே கொழுக்குது தம்பி. அதையே அரைச்சுக் கெண்டைக்குப் போட்டா என்ன?”

கேட்க வேண்டிய கேள்விதான். செட்டிநாட்டுக் கண்மாய்கள் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியவை. கோடையில் தண்ணீர் வற்றுவதற்குள் மீன் எடை ஏறியாக வேண்டும். அதற்குப் புரதம் வேண்டும். மீன்தூளில் சுமார் 60 சதவீதமும் கடலைப் புண்ணாக்கில் 40-45 சதவீதமும் புரதம் உண்டு, விலையும் அதற்கேற்றபடி. காய்ந்த முருங்கை, சவுண்டல் இலைகளில் ஏறத்தாழ 25 சதவீதம். வேலியோரம் சும்மா கிடக்கும் தழைக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் ஆட்டுக்கு இரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் துணை. அவைதான் நாரை உடைக்கின்றன. சவுண்டலில் இருக்கும் மிமோசின் என்ற நச்சையும் முறிக்கின்றன. கட்லா, ரோகு போன்ற கெண்டைகளுக்கோ இரைப்பையே கிடையாது, தின்றது நேராகக் குடலுக்குப் போகிறது. அமிலத்தில் ஊறும் கட்டமே இல்லை. நார் வந்தபடியே வெளியேறும், நச்சு உடம்பில் தங்கும்.

மீனின் வயிறு செய்யாத வேலையை நாம் முன்கூட்டியே செய்துவிடலாம். மிமோசின் தண்ணீரில் கரையும். அண்ணன் வீட்டு முற்றத்தில் ஓர் அண்டா நிறையத் தழையை ஊறப்போட்டோம். மறுநாள் தண்ணீர் தேயிலைச் சாயம் போல இறங்கியிருந்தது. முருங்கையைக் கசக்கி அலசினால் லேசாக நுரைக்கும், அது சப்போனின். அதுவும் மீனுக்கு ஆகாது, அதுவும் தண்ணீரோடு போகும். இரண்டு முறை தண்ணீர் மாற்றி, நிழலில் உலர்த்தினோம். வெயிலில் போட்டால் கரோட்டின் வீணாகும். கையில் நொறுங்கும் பதத்தில் இடித்துச் சலித்தபோது காம்பும் நரம்பும் சல்லடையிலேயே நின்றன. நார் அதிகம் இருப்பது அவற்றில்தான். நாலைந்து கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள் தேறும்.

எவ்வளவு போடலாம்? ஜிலேபிக் கெண்டையில் நடந்த சோதனைகளில், தீவனப் புரதத்தில் பத்தில் ஒரு பங்கை முருங்கை இலை ஈடுகட்டியபோது வளர்ச்சி குறையவில்லை. அதற்கு மேல் போனபோது குறைந்தது. இலைப் புரதத்தில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் போதாது என்பதும் நினைவில் இருக்கட்டும். ஆகவே கிலோ தீவனத்துக்கு 100 கிராம் தூள். மீதிக்குப் புண்ணாக்கும் தவிடும். சவுண்டலில் இந்த அளவைத் தாண்ட எனக்குத் துணிவில்லை.

புல்கெண்டை மட்டும் தனி ரகம். தொண்டைப் பற்களால் தழையை அரைத்தே விழுங்கும். அதற்கு அகத்தித் தழையைக் கட்டாகக் கட்டி மிதக்கவிட்டால் போதும், மாலைக்குள் காம்புதான் மிஞ்சும்.