இன் ஃபோர்மா பாப்பெரிஸ்: 'தள்ளுபடி' வேண்டாம், 'விலக்கு' என்போம்

காணி வழக்கோ கடன் வழக்கோ, கோடு கச்சேரி என்று ஏறி இறங்குகிறவரிடம் முத்திரைக்கும் கட்டணத்துக்கும் காசில்லை என்றால், அவர் தன் நிலைமையைச் சத்தியக் கடதாசியில் எழுதிக் கொடுத்து, கட்டணம் கட்டாமலே வழக்காட நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம். இதற்குச் சட்டத்தில் உள்ள பெயர்தான் 'இன் ஃபோர்மா பாப்பெரிஸ்'.

இது லத்தீன். 'வறியவர் என்ற முறையில்' என்று பொருள். ஆங்கிலத்தில் ஏழையைச் சொல்லும் 'பூவர்' கூட இந்தப் 'பாப்பெர்' வழி வந்ததுதான். 1495-இல், ஏழாம் ஹென்றி காலத்தில், காசில்லாதவரும் வழக்காட இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. ஆங்கிலேயரோடு அந்த முறை இங்கே இலங்கைக்கும் வந்து 1889-ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் இடம்பிடித்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பாப்பர் வழக்கு' என்பதை நான் விரும்பவில்லை, உரிமை கேட்டு வருகிறவரின் நெற்றியில் அது இழிவை ஒட்டுகிறது. இந்தியாவிலும் 1976-இல் திருத்தம் கொண்டுவந்து அந்தச் சொல்லைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். 'ஏழை' பரவாயில்லை, ஆனால் பழந்தமிழில் அதற்கு அறிவற்றவர் என்ற பொருளும் உண்டு. திருக்குறளில் அப்படித்தான் வருகிறது, பொருளில்லாதவரை அது 'வறியார்' என்கிறது. வறள், வறட்சி, வறுமை எல்லாம் ஒரே வேர். கையில் ஈரம் காய்ந்த நிலையை மட்டும் சொல்லும், ஆளைத் தாழ்த்தாது.

அடுத்தது 'கட்டணத் தள்ளுபடி'. இதைத் தயவுசெய்து எழுதாதீர்கள். நீதிமன்றத்தில் தள்ளுபடி என்றால் வழக்கே போய்விட்டது என்று அர்த்தம், 'உங்களுக்குத் தள்ளுபடி' என்று கேட்டால் வயதான ஒரு அம்மா பயந்து வீட்டுக்குத் திரும்பிவிடுவார். 'வறியோர் கட்டண விலக்கு' என்பதே என் தெரிவு. அப்போதும் ஒன்றை விளக்க வேண்டும்: விலக்கு என்பது எப்போதும் முழு மன்னிப்பு அல்ல. இந்தியச் சட்டப்படி வறியவர் வென்றால், கட்டியிருக்க வேண்டிய கட்டணத்தை அரசு பிறகு அறவிடலாம், வழக்கில் கிடைக்கும் சொத்தின்மேல் அதற்குத்தான் முதலுரிமை.

இதைச் சட்ட உதவியோடும் குழப்ப வேண்டாம். கட்டண விலக்கைத் தருவது நீதிமன்றம். காசில்லாதவருக்குச் சட்டத்தரணியை ஒழுங்குசெய்து தருவது 1978-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழு. அதற்கு யாழ்ப்பாணத்திலும் அலுவலகம் இருக்கிறது, முதலில் அங்கே போய்க் கேளுங்கள்.