ஓடிபி யார் போனுக்கு வருது?

கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், அரசுச் சேவைகளை ஆன்லைனில் செய்துகொடுக்கும் அக்ஷயா மையம் நடத்துகிறேன். ஒரு நாளில் பத்துத் தடவையாவது "ஓடிபி வந்துச்சா அக்கா?" என்று கேட்டுவிடுவேன். "இரு கண்ணு, பையனுக்குப் போன் போட்டுக் கேக்கறேன்" என்பார்கள். பையன் திருப்பூரில் வேலையில் இருப்பான். எடுத்தால் உண்டு, எடுக்காவிட்டால் அக்காவுக்கு அன்றைய கூலி போச்சு.

2025 ஆகஸ்டில் கேரளம் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தார்கள். வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுத்ததில், 70 வயதுப் பாட்டிகூட யூடியூபில் தேடிப் பாட்டுக் கேட்கிறார். நல்லதுதான். ஆனால் பாட்டியின் ஆதாரில் இருப்பது மகனின் நம்பர். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ரேஷன் கார்டுக்குத் தலைவி வீட்டின் மூத்த பெண். அந்தக் கார்டிலும் பல வீடுகளில் ஆண்பிள்ளை நம்பர்தான்.

தொழிலுறப்பு, அதாவது நூறு நாள் வேலைக் கூலி வரவே இல்லை என்று ஓர் அக்கா வந்தார். பஞ்சாயத்தில் போய்ச் சத்தம் போடுகிற கோபம். பார்த்தால் பணம் ஒழுங்காக வந்திருக்கிறது, வேறொரு கணக்குக்கு. ஆதார் வழியாக வரும் பணம், கடைசியாக எந்தக் கணக்கோடு ஆதாரை இணைத்தோமோ அங்கேதான் போகும். எப்போதோ லோனுக்காகத் தொடங்கி மறந்த கணக்கு அது. பதிந்திருந்தது கணவரின் நம்பர். ஏடிஎம் கார்டும் அவரிடம். 6 மாதமாக அவருக்கு மெசேஜ் வந்திருக்கிறது. சொல்ல மறந்துவிட்டாராம். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஆதாரில் நம்பர் மாற்ற எந்த ஆவணமும் வேண்டாம். ஆதார் மையத்துக்கு நேரில் போய் விரல் வைத்து, கட்டணம் கட்டினால் போதும். ஆனால் அங்கே மாற்றியதால் பேங்கில் தானாக மாறிவிடாது. பேங்குக்குத் தனியாகப் போய் எழுதிக் கொடுக்க வேண்டும். இதைத்தான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று, எங்கள் தொழில்காரர்கள் கோபித்தாலும் பரவாயில்லை. களை பறித்துத் தேய்ந்த விரல், ரேகை வைத்துப் பணம் எடுக்கும் மெஷினில் சீக்கிரம் விழாது. "விழலை, இன்னொரு வாட்டி வைங்க" என்று யார் சொன்னாலும், நான் சொன்னாலும், முதல் தடவைக்கு ரசீது கேளுங்கள். பணம் இரண்டு தடவை போயிருந்தால் அன்றைக்கே பேங்கில் சொல்லுங்கள். ஏமாற்று என்று பட்டால் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள்.

அந்த அக்கா போன வாரம் தனியாக வந்தார், புது சிம்மோடு. பழக்க தோஷத்தில், ஓடிபி வந்துச்சா என்று கேட்டேன். போனைப் பார்த்தார்.

"வந்திருச்சு. எதுக்குன்னு மொத நீ சொல்லு கண்ணு."